தரிசு மணலில் பூவும் புல்லும்: விதையிலிருந்து மேய்ச்சல் தரை அமைக்கும் முறை

புதுச்சேரி நகருக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றுக்கும் வங்கக் கடலுக்கும் இடையில் அமைந்த ஊர் வீராம்பட்டினம். மீன்பிடித் தொழிலுக்கும், ஆடி மாதத்துச் செங்கழுநீர் அம்மன் தேர்த் திருவிழாவுக்கும் பெயர் பெற்றது. இங்கும் இதை அடுத்த கடலோரக் கிராமங்களிலும் தென்னையும் சவுக்கும் போக, சாகுபடி இல்லாமல் கிடக்கும் மணற்பாங்கான துண்டு நிலங்கள் உண்டு. பத்து சென்ட், அரை ஏக்கர் என்று கிடக்கும் இவை கோடையில் வெறும் மணலாகவும், மழைக்குப் பின் நெருஞ்சியும் பார்த்தீனியமும் மண்டிய புதராகவும் காட்சி அளிக்கின்றன.

ஒன்றிரண்டு கறவை மாடும் நாலைந்து ஆடும் வைத்திருக்கும் சிறு விவசாயிக்கு இந்நிலம் உபயோகமற்றதல்ல. கறவை மாடு ஒன்றுக்கு நாள்தோறும் 15 முதல் 25 கிலோ வரை பசுந்தீவனம் தேவை. மேய்ச்சல் புறம்போக்குகள் சுருங்கிவிட்டன. வைக்கோலையும் தவிட்டையும் விலைக்கு வாங்கியே மாடு வளர்க்கும் நிலை வந்துவிட்டால், பாலில் கிடைக்கும் பணம் தீவனக் கடைக்கே போய்ச் சேரும். தரிசாகக் கிடக்கும் மணலைப் புல்லும் பூஞ்செடிகளும் கலந்த மேய்ச்சல் தரையாக மாற்றினால் இந்தச் செலவில் ஒரு பகுதியைக் குறைக்கலாம்.

ஆனால் இம்முயற்சியில் இறங்கும் பலர் முதல் ஆண்டிலேயே கைவிட்டு விடுகின்றனர். விதை வாங்கி, மழை பெய்ததும் தூவி, முளைக்கவில்லை என்று விட்டுவிடுவதே வழக்கம். குறை விதையில் இல்லை. மேய்ச்சல் தரை அமைப்பதில் விதைப்பு என்பது கடைசி வேலை. அதற்கு முன் செய்ய வேண்டியவையும், அதன்பின் பொறுத்திருக்க வேண்டிய காலமும்தான் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கின்றன.

கொரங்காடு காட்டும் வழி

தமிழகத்தில் இதற்குப் பழமையான முன்மாதிரி ஒன்று உண்டு. காங்கயம், தாராபுரம், கரூர் வட்டாரங்களில் விவசாயிகள் தங்கள் சொந்தப் பட்டா நிலத்திலேயே மேய்ச்சல் தரை வைத்திருக்கின்றனர். இதற்குக் கொரங்காடு என்று பெயர். சுற்றிலும் கிளுவை உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அதனூடே பலவகைப் பயறினக் கொடிகளும் பூண்டுகளும், ஆங்காங்கே வெள்வேல மரம் என்பது இதன் அமைப்பு. காங்கயம் மாட்டினத்தின் உடல் வலிமைக்கு இந்த மேய்ச்சல் தரைகளே ஆதாரம்.

வீராம்பட்டினம் பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 1,300 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. காங்கயம் பகுதிக்குக் கிடைப்பது ஏறத்தாழ இதில் பாதிதான். அங்கே தரை பசுமையாக நிற்பதற்குக் காரணம் மழையின் அளவன்று, மூன்று ஒழுக்கங்கள். முதலாவது, வேலி. கண்ட கண்ட நேரத்தில் கண்ட கால்நடையும் நுழைய முடியாது. இரண்டாவது, நிலத்தைப் பகுதிகளாகப் பிரித்து மாற்றி மாற்றி மேய்ப்பது. மூன்றாவது, ஒரே புல்லை நம்பாமல் புல், பயறினம், மரம் மூன்றையும் சேர்த்து வைப்பது. இம்மூன்றும் கடலோர மணலுக்கும் பொருந்தும்.

புதுச்சேரிக்கு அருகிலேயே இன்னொரு பாடமும் உண்டு. 1968-ல் ஆரோவில் தொடங்கப்பட்டபோது அந்தச் செம்மண் மேட்டு நிலம் பெரும்பாலும் மரமின்றி, மழைநீர் அரித்த ஓடைகளுடன் இருந்தது. அங்கே முதலில் மேற்கொண்ட பணிகளில் முக்கியமானது மழைநீர் ஓடாமல் மண் கரைகள் போட்டு நிறுத்தியதும், ஆடு மாடு நுழையாமல் காத்ததும்தான். இந்த இரண்டும் நடந்த பின்னரே நட்ட செடி நிலைத்தது.

புல் மட்டும் போதாதா?

புல் மட்டும் வளர்த்தால் தீவனம் கிடைக்கும். ஆனால் அது நீடிக்காது. மணல் நிலத்தில் தழைச்சத்து மிகக் குறைவு. நரிப்பயறு, சங்குப்பூ, முயல் மசால் போன்ற பயறினச் செடிகள் தம் வேர் முடிச்சுகளின் மூலம் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கின்றன. புல்லைக் காட்டிலும் இவற்றில் புரதம் அதிகம். இரண்டும் கலந்த தீவனம் உண்ணும் மாட்டுக்குப் புண்ணாக்குச் செலவு குறையும்.

தும்பை, ஆவாரை, விஷ்ணுகிரந்தி, செப்பு நெருஞ்சி, சிறுபூளை போன்ற பூஞ்செடிகளை மாடு விரும்பித் தின்னாமல் போகலாம். இவற்றின் பயன் வேறு. பூசணி, சுரை, பாகல், புடலை ஆகியவற்றில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியே இருப்பதால், தேனீ போன்ற பூச்சிகள் வந்தால்தான் காய் பிடிக்கும். தென்னையிலும் தேனீக்கள் மகரந்தச் சேர்க்கைக்கு உதவுகின்றன. தோட்டப் பயிர் பூக்காத காலத்திலும் அக்கம்பக்கத்தில் ஏதாவது ஒன்று பூத்துக்கொண்டிருந்தால்தான் தேனீக் கூட்டம் ஊரைவிட்டுப் போகாமல் இருக்கும். காய்ப்புழுக்களை அழிக்கும் ஒட்டுண்ணிக் குளவிகளும் வளர்ந்த பருவத்தில் பூந்தேனையே உண்டு வாழ்கின்றன. எனவே வரப்போரம் பூக்கும் தும்பையை வெறும் களை என்று எண்ணிக் களைந்தெறிவது சரியன்று.

வெளிநாட்டு அனுபவம்

இங்கிலாந்தில் 1930-க்குப் பின் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளில், பூஞ்செடிகள் நிறைந்த பழைய புல்தரைகளில் 97 விழுக்காடு அழிந்துபோயின. உழுது வேறு பயிர் செய்ததும், உரமிட்டு ஒரே புல்லை ஓங்க வளர்த்ததும் இதற்குக் காரணங்கள். இப்போது அந்தத் தரைகளை விதையிட்டு மீட்க முயன்று வருகின்றனர். அந்த அனுபவத்தில் தெளிவாகத் தெரிந்த உண்மை, வளமான மண்ணில் பூஞ்செடி நிலைப்பதில்லை என்பதுதான். உரம் கண்ட மண்ணில் முரட்டுப் புல்லும் களையும் ஓங்கி, சிறு பூண்டுகளை நிழலில் அமுக்கிவிடும். ஏழை மண்ணிலேயே பல செடிகள் ஒன்றுக்கொன்று இடம்விட்டு வாழும். அந்த வகையில், சத்துக் குறைந்த கடலோர மணல் இந்த வேலைக்குத் தகுதியான நிலமே.

மற்றொரு பாடம் ஆஸ்திரேலியாவிலிருந்து கிடைக்கிறது. நம் நாட்டில் சிறந்த தீவனமான கொழுக்கட்டைப் புல் அங்கே தீவனத்துக்காகக் கொண்டு செல்லப்பட்டு, பின்னர் காட்டு நிலங்களில் பரவி, அந்நாட்டுச் செடிகளை அழிக்கும் களையாகிவிட்டது. ஓரிடத்துப் பொன் வேறிடத்தில் புழுதி ஆவதுண்டு. ஆகவே வண்ணப்படம் போட்ட உறைகளில் விற்கும் வெளிநாட்டுப் பூ விதைக் கலவைகளை மேய்ச்சல் நிலத்தில் தூவுவது கூடாது. விதை தன் ஊரில் விளைந்ததாக இருப்பதே நல்லது.

இடம் தேர்வு

சொந்த நிலத்திலோ உரிமையாளரின் சம்மதம் பெற்ற நிலத்திலோ மட்டுமே இப்பணியைச் செய்ய வேண்டும். கடலை ஒட்டிய மணல் மேடுகளில் உழவே கூடாது. அங்கே இயற்கையாகப் படர்ந்துள்ள அடப்பங்கொடியும் இராவணன் மீசையும் மணலைப் பிடித்து வைத்திருக்கின்றன. அவற்றை அகற்றினால் மணல் பறந்து பின்னாலுள்ள நிலத்தையே மூடிவிடும். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள அரிக்கமேடு எல்லைக்குள் மண்ணைத் தோண்டுவதும் உழுவதும் சட்டப்படி குற்றமாகும்.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ல் வந்த ஆழிப்பேரலையின்போது கடல்நீர் புகுந்த நிலங்களில் உப்பு தங்கிப் பயிர்கள் கருகியதைக் கடலோர விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள். மணல் நிலத்தில் மழைநீர் உப்பைக் கீழே கரைத்துக்கொண்டு போய்விடும் என்றாலும், ஆற்று முகத்துவாரத்தை ஒட்டிய தாழ்வான இடங்களில் மண்ணைப் பரிசோதித்து உப்பின் அளவைத் தெரிந்துகொண்ட பிறகே விதைக்க வேண்டும். வயலின் ஐந்தாறு இடங்களில் ஒரு சாண் ஆழத்துக்கு மண் எடுத்து, கலந்து, அரைக் கிலோ மாதிரி அனுப்பினால் போதும். புதுச்சேரி விவசாயிகள் இதற்குக் குரும்பாப்பேட்டில் உள்ள பெருந்தலைவர் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம். உப்பு மிகுந்த இடத்தில் அருகம்புல்லை வேருடன் நட்டு வளர்ப்பதே ஏற்றது.

களை விதையை ஏமாற்றுதல்

தரிசு மண்ணில் ஒரு பிடி எடுத்தாலும் அதில் பல ஆண்டுகளாக உதிர்ந்த களை விதைகள் உறங்கிக்கொண்டிருக்கும். அவற்றை அழிக்காமல் புல் விதையைத் தூவினால், முளைப்பது அவையாகத்தான் இருக்கும்.

சீமைக் கருவேல், எருக்கு, உண்ணிச்செடி ஆகியவற்றைச் சித்திரை, வைகாசியில் வேரோடு தோண்டி எடுக்க வேண்டும். சீமைக் கருவேலை மண்மட்டத்தில் வெட்டிவிட்டால் அது மீண்டும் புதராகத் துளிர்க்கும். கோரை உள்ள இடத்தில் கோடை உழவு செய்து கிழங்குகளை வெயிலில் காயவிட்டுப் பொறுக்கி எறிய வேண்டும்.

பின்னர் ஆடி, ஆவணியில் பெய்யும் மழையைப் பயன்படுத்தி நிலத்தை மேலாக ஒருமுறை கிளறிவிட வேண்டும். களைகள் முளைத்து இரண்டு மூன்று வாரத்தில் பச்சைப் போர்வையாக நிற்கும். பூக்கும் முன்பே களைக்கொத்தாலோ பலுகாலோ மேலாகச் சுரண்டி அழிக்க வேண்டும். இரண்டு வாரம் விட்டு, முளைப்பதை மீண்டும் ஒருமுறை அழிக்க வேண்டும். இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் ஆழமாக உழுதால் அடியில் கிடக்கும் புதிய களை விதைகளை மேலே கொண்டுவந்ததாகிவிடும். ஆகவே இரண்டு அங்குலத்துக்கு மேல் கிளறக் கூடாது.

பார்த்தீனியம் பூக்கும் முன் கையுறை அணிந்து பிடுங்க வேண்டும். அதன் மகரந்தம் சிலருக்குத் தோல் அரிப்பும் மூச்சுத் திணறலும் உண்டாக்கும்.

காற்று வேகமாக வீசும் இடத்தில் முழு நிலத்தையும் ஒரே சமயத்தில் வெறுமையாக்குவது ஆபத்து. ஐந்து அடி அகலப் பட்டைகளாகப் பிரித்து, ஒன்றுவிட்டு ஒன்றாக இவ்வாண்டு பாதியும் அடுத்த ஆண்டு பாதியும் செய்வது நல்லது. சரிவு உள்ள இடத்தில் சரிவுக்குக் குறுக்கே அரை அடி உயரத்துக்குக் கரை போட்டு மழைநீரை நிறுத்த வேண்டும்.

விதை சேகரித்தல்

மார்கழி முதல் மாசி வரை கோயில் வளாகம், சாலையோரம், ஏரிக்கரை, பனை வரிசை ஆகிய இடங்களில் புல்லும் பூண்டும் விதை முற்றி நிற்கும். செலவில்லாமல் விதை சேர்க்க இதுவே தருணம். ஒரு செடியில் உள்ள விதையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. ஓரிடத்தில் மட்டும் எடுக்காமல் பல இடங்களில் சிறிது சிறிதாகச் சேர்த்தால் விதையில் பலவிதக் குணங்கள் அமையும்.

கொழுக்கட்டைப் புல்லின் கதிர் வைக்கோல் நிறமானதும் கையால் உருவினால் விதை எளிதில் வரும். வராமல் இழுத்துக்கொண்டால் இன்னும் முற்றவில்லை என்று பொருள். நரிப்பயறு நெற்று வெயில் ஏறினால் வெடித்துச் சிதறும்; பனி ஈரம் இருக்கும் காலை வேளையிலேயே பறிக்க வேண்டும். தும்பையைப் பூங்கொத்துடன் அறுத்துத் துணியின் மேல் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டால் விதை தானே உதிரும். ஆவாரை, சங்குப்பூ, கொழிஞ்சி நெற்றுகளை நன்றாகக் காய்ந்தபின் தடியால் அடித்துப் பிரிக்கலாம்.

விதைகளை நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து, துணிப் பையிலோ மண் பானையிலோ வைக்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் கட்டிவைத்தால் ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். பையின் மேல் விதையின் பெயரையும், சேகரித்த மாதத்தையும் எழுதி வைக்க மறக்கக் கூடாது.

விதையின் உறக்கம்

புது விதை முளைக்கவில்லை என்ற புகாருக்கு முக்கியக் காரணம் விதையுறக்கம் ஆகும். கொழுக்கட்டைப் புல்லின் புதிய விதை 6 முதல் 8 மாதங்கள் வரை முளைக்காது. பருவம் தவறிப் பெய்யும் ஒரு சிறு மழையை நம்பி முளைத்து, பின் வெயிலில் கருகிப் போகாமலிருக்க இயற்கை அமைத்த பாதுகாப்பு இது. தை மாதத்தில் சேகரித்த விதை புரட்டாசியில் 8 மாதப் பழையதாகி, விதைப்புக்குத் தானே தயாராகிவிடும். அவசரமாகப் புது விதையை விதைக்க நேர்ந்தால், 10 லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் வீதம் பொட்டாசியம் நைட்ரேட் உப்பைக் கரைத்து, அதில் 48 மணி நேரம் ஊறவைத்து விதைக்கலாம்.

பயறினங்களின் உறக்கம் வேறு வகையானது. அவற்றின் தோல் கடினமாக இருப்பதால் தண்ணீர் உள்ளே போவதில்லை. முயல் மசால் விதைக்குக் கொதித்த நீரை அடுப்பிலிருந்து இறக்கி, நாலைந்து நிமிடம் ஆறவிட்டு, அதில் விதையை 4 அல்லது 5 நிமிடம் போட்டு எடுத்து, பின்னர் இரவு முழுவதும் குளிர்ந்த நீரில் ஊறவைக்க வேண்டும். கொதித்துக்கொண்டிருக்கும் நீரில் போட்டால் விதை வெந்துவிடும். சங்குப்பூ, ஆவாரை, கொழிஞ்சி விதைகளைக் கொரகொரப்பான மணலுடன் சேர்த்துச் சாக்கின் மேல் தேய்த்துத் தோலைக் கீறிவிடலாம்.

எந்த விதையையும் விதைக்கும் முன் முளைப்புத்திறன் பார்க்க வேண்டும். 100 விதைகளை எண்ணி, ஈரச் சாக்கில் பரப்பிச் சுருட்டி, நிழலில் வைத்துத் தினமும் நீர் தெளித்து வர வேண்டும். இரண்டு வாரத்தில் 60 முளைத்தால் விதை நல்லது. 30 மட்டுமே முளைத்தால் விதையளவை இரட்டிப்பாக்க வேண்டும். பத்துக்கும் குறைவாக முளைத்தால் அந்த விதையை நம்பி மழையை வீணாக்கக் கூடாது.

விதையளவும் கலவையும்

கொழுக்கட்டைப் புல்லைத் தனியாக விதைக்க எக்டருக்கு 6 முதல் 8 கிலோ, அதாவது ஏக்கருக்கு 2.5 முதல் 3 கிலோ விதை தேவை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 1 என்ற நீலக் கொழுக்கட்டைப் புல் ரகத்தின் விதையைக் கோவையிலுள்ள தீவனப் பயிர்கள் துறையில் விசாரித்துப் பெறலாம். முயல் மசால் விதையைத் தனியாகத் தூவி விதைக்க எக்டருக்கு 10 கிலோ வரை பிடிக்கும்.

கலப்புத் தரைக்கு ஏக்கருக்குக் கொழுக்கட்டைப் புல் 2 கிலோ, முயல் மசால் 1 கிலோ, நரிப்பயறும் சங்குப்பூவும் சேர்த்து 1 கிலோ, உள்ளூரில் சேகரித்த பூஞ்செடி விதைகள் எல்லாம் சேர்த்து அரைக் கிலோ என்ற அளவில் கலந்துகொள்ளலாம். முயல் மசால் தென் அமெரிக்கப் பகுதியிலிருந்து வந்த பயிர். உள்ளூர்ச் செடிகள் மட்டும் போதும் என்று கருதுவோர் அதற்குப் பதிலாக நரிப்பயற்றைக் கூட்டிக்கொள்ளலாம். கொழிஞ்சியைக் கால்நடைகள் தின்பதில்லை. ஆனால் மணலை வளப்படுத்தும். ஆகவே அதை வேலியோரத்தில் மட்டும் விதைப்பது போதுமானது.

முதல் பருவத்தில் வருமானம் எதுவும் இல்லையே என்ற குறை நீங்க ஏக்கருக்கு ஒரு கிலோ கம்பு விதையைக் கலவையில் சேர்க்கலாம். கம்பு விரைவில் முளைத்து இளம் புல்லுக்கு நிழல் தரும். 45 நாளில் அதை அறுத்துப் பசுந்தீவனமாகக் கொடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் விட்டால் புல்லை அமுக்கிவிடும்.

விதைப்பு

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்குகிறது. நவம்பரில் புயல் மழை வரும். 2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படிப்பட்ட மழையில் அப்போதுதான் தூவிய விதை ஒன்றுகூட இடத்தில் நிற்காது. எனவே புரட்டாசி நடுவிலிருந்து ஐப்பசி முதல் வாரத்துக்குள் விதைத்து முடிப்பது நல்லது. கனமழை வரும் முன் ஒரு மாத வயதுள்ள வேர் மணலைப் பிடித்திருக்க வேண்டும்.

பயறின விதைகளுக்கு ஏக்கருக்கு 200 கிராம் ரைசோபியம் பொட்டலம் ஒன்றை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து பூசி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்த வேண்டும். புல் விதை மிக இலேசானது. காற்றில் பறக்கும், எறும்பும் இழுத்துச் செல்லும். இதைத் தடுக்க ஒரு பங்கு விதை, ஒரு பங்கு மட்கிய சாணம், மூன்று பங்கு ஏரி வண்டல் ஆகியவற்றை நீர் தெளித்துப் பிசைந்து, சுண்டைக்காய் அளவு உருண்டைகளாக உருட்டி நிழலில் உலர்த்தி வைத்துக்கொள்ளலாம்.

அடியுரமாக ஏக்கருக்கு 2 டன் நன்கு மட்கிய தொழு உரம் போதும். மட்காத எரு இட்டால் அதனுடன் களை விதையும் சேர்ந்து வரும். யூரியா இடவே கூடாது. யூரியா இட்டால் புல் ஓங்கும், பயறினம் மெலியும், பூ மறையும்.

விதையைப் பத்துப் பங்கு மணலுடன் கலந்து, பாதியைக் கிழக்கு மேற்காகவும் மீதியைத் தெற்கு வடக்காகவும் தூவினால் ஒரே சீராக விழும். விதை நகக் கனத்துக்கு மேல் ஆழமாகப் புதையக் கூடாது. தூவிய பின் முள் கிளையை இலேசாக இழுத்து, ஆட்டு மந்தையை ஒருமுறை மட்டும் நடத்திச் சென்றால் விதை மண்ணில் பதியும். அதன் பிறகு அந்த ஆடுகள் இவ்வாண்டு முழுவதும் அந்த நிலத்தைத் திரும்பிப் பார்க்கக் கூடாது.

இங்கிலாந்தில் விதை முற்றிய புல்லைக் கதிரோடு அறுத்து, அன்றே புதிய நிலத்தில் பரப்பும் முறை உண்டு. நம் பகுதியில் தை மாதத்துக்குப் பின் மழை இல்லாததால் அதை அப்படியே பின்பற்ற முடியாது. கதிரோடு அறுத்த புல்லை உலர்த்திக் கட்டுகளாகப் பரணில் வைத்து, புரட்டாசியில் பரப்பலாம். விதையும் விழும், மணலுக்குப் போர்வையும் ஆகும்.

பராமரிப்பு

முதல் மழைக்குப் பின் நிலத்தைப் பார்த்தால் பெரும்பாலும் களையே தெரியும். இதைக் கண்டு மனம் தளரத் தேவையில்லை. புல்லும் பயறினமும் முதல் ஆறு வாரம் வேர் விடுவதிலேயே நாட்டம் காட்டும். விதைத்த 40-ஆம் நாளில் களைகள் பூக்கும் முன் அவற்றின் தலையை அரிவாளால் ஒரு சாண் உயரத்தில் அறுத்துவிட வேண்டும். தாழ்ந்து வளரும் இளம் புல்லுக்கு இதனால் சேதம் இல்லை. அதற்கு வெளிச்சம் கிடைக்கும்.

70 முதல் 75 நாட்களில் புல் முதல் அறுப்புக்கு வரும். முதல் ஆண்டில் நிலத்தில் பாதியை மட்டும் அறுத்து, மறுபாதியைத் தை முடியும் வரை விதை உதிரவிட வேண்டும். இந்தப் பாதியை விட்டுவைக்கும் பொறுமைதான் தரையின் ஆயுளைக் கூட்டும். வாங்கிய விதை ஒருமுறைதான் விதைக்கும். உதிர்ந்த விதை ஆண்டுதோறும் விதைக்கும்.

அறுக்கும்போது மண்மட்டத்தோடு அறுக்காமல் நான்கு முதல் ஆறு அங்குலம் அடித்தாளை விட வேண்டும். அறுத்ததை அங்கேயே போட்டுவைக்கக் கூடாது. அது இளஞ்செடிகளை மூடி அழுகச் செய்யும். மண்ணையும் தேவைக்கு மேல் கொழுக்க வைக்கும்.

இரண்டாம் ஆண்டு முதல் கால்நடைகளை விடலாம். நிலத்தை மூன்றாகப் பிரித்து, ஒன்றில் மேயும்போது மற்ற இரண்டும் ஓய்வெடுக்க வேண்டும். மூன்றில் ஒன்றை ஆண்டுதோறும் முறைவைத்துத் தை முடியும் வரை மேய்க்காமல் விட வேண்டும். ஆடு குருத்தைக் கடித்துத் தின்னும் பிராணி. மாடு மேய்ந்த பிறகே ஆட்டை விடுவதும், குறைந்த நேரமே விடுவதும் நல்லது.

நல்ல பராமரிப்பில் கொழுக்கட்டைப் புல் ஆண்டுக்கு 4 முதல் 6 அறுப்புகளில் எக்டருக்கு 40 டன் வரை தரக்கூடியது. ஆனால் உரமும் பாசனமும் இல்லாத கடலோர மணலில், பூஞ்செடிகளுக்கும் இடம் கொடுத்து வளர்க்கும் தரையில், அதில் பாதிகூடக் கிடைக்காது என்று கணக்கிட்டுக்கொள்வதே அறிவுடைமை. பங்குனி முதல் ஆனி வரை பசுமை குறையும். அந்த மாதங்களுக்காக மார்கழி, தை அறுப்பில் ஒரு பகுதியை உலர்த்திப் போர் போட்டு வைக்க வேண்டும்.

ஏற்கெனவே உள்ள தரையை மீட்டல்

முற்றிலும் அழியாமல் ஆங்காங்கே கொழுக்கட்டைப் புல்லும் நரிப்பயறும் எஞ்சியிருக்கும் நிலத்தை உழுது புதிதாகத் தொடங்குவது தேவையற்ற செலவு. அங்கே ஓராண்டு வேலி அடைத்து மேய்ச்சலை நிறுத்தினால், மண்ணில் உறங்கும் நல்ல விதைகளில் பல தாமே எழும்பும். எழும்பாத வெற்றிடங்களை மட்டும் கொத்திவிட்டு, மேலே சொன்ன உருண்டைகளைப் போட்டால் போதும். 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ல் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தபோது, சவுக்கும் முந்திரியும் பலாவும் ஏராளமாகச் சாய்ந்தன. மரம் சாய்ந்து வெயில் விழும் அத்தகைய இடங்களில் அடுத்த மழையிலேயே ஏதேனும் ஒன்று முளைத்து மூடிவிடும். அது புல்லா, சீமைக் கருவேலா என்பது அந்த ஓராண்டில் விவசாயி செய்யும் காவலைப் பொறுத்தது.

வேலிக்குக் கிளுவைப் போத்துகளை ஆடிக் காற்று ஓய்ந்து மழை தொடங்கும் சமயத்தில் ஓரடி இடைவெளியில் நட்டு வரலாம். அது வளரும் வரை முள் வேலி இருக்க வேண்டும்.

தரை தேறிவிட்டதா?

மூன்றாம் ஆண்டு மார்கழியில் இதைச் சோதித்து அறியலாம். நான்கு குச்சிகளை ஊன்றி, ஒரு மீட்டர் நீளம் ஒரு மீட்டர் அகலத்துக்குக் கயிறு கட்டி, அதற்குள் எத்தனை வகைச் செடிகள் உள்ளன என்று எண்ண வேண்டும். நிலத்தில் ஐந்து இடங்களில் இவ்வாறு எண்ணிப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரு புல்லும் ஒரு பயறினமும் இரண்டு மூன்று பூண்டுகளும் தென்பட்டு, வெறும் மணல் கால் பங்குக்கு மேல் இல்லை என்றால் தரை நிலைத்துவிட்டது. புல் மட்டுமே நிறைந்திருந்தால் ஓர் அறுப்பைக் கூடுதலாக அறுத்துப் பயறினத்துக்கு வெளிச்சம் கொடுக்க வேண்டும். பயறினம் மட்டுமே மண்டியிருந்தால் மாட்டை முன்னதாக விட வேண்டும். வெறும் மணல் கூடுதலாக இருந்தால் மேய்ச்சல் அதிகமாகிவிட்டது என்று பொருள். அந்தப் பகுதிக்கு ஓராண்டு ஓய்வு கொடுத்து, வெற்றிடத்தில் மட்டும் மறுவிதைப்புச் செய்ய வேண்டும்.

புதிதாகத் தொடங்குவோர் முழு நிலத்திலும் இறங்காமல், முதலாண்டு பத்து சென்டில் செய்து பார்ப்பது நல்லது. அந்தப் பத்து சென்டில் தை மாதம் உருவும் விதையே அடுத்த ஆண்டு மேலும் பத்து சென்டுக்குத் தொடக்கமாகும். கடையில் வாங்க வேண்டிய விதை ஆண்டுக்கு ஆண்டு குறையும்.